ஒடித்துப் பார்க்காத மஞ்சள்

ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் போனவர்களுக்குத் தெரியும். மூட்டையின் மேல் எந்த ஊர்ப் பெயர் எழுதியிருந்தாலும் வியாபாரி அதை நம்பி விலை சொல்ல மாட்டார். ஒரு விரலி மஞ்சளை எடுப்பார், படக்கென்று ஒடிப்பார், உள்ளே நிறம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார். அதன் பிறகுதான் பேச்சு. மேல்தோல் எல்லா மஞ்சளுக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். விலை உள்ளே இருக்கிறது.

கணினி நிரல்களில் மட்டும் ஏனோ இந்தப் பழக்கம் நமக்கு வரவில்லை. மூட்டை தைத்து வந்தால் தைத்தபடியே தலையில் தூக்கிக்கொள்கிறோம்!

இங்கே பேசப்போவது பைத்தான் மொழியைப் பற்றி. அதிலும் குறிப்பாக, பைத்தானுக்குள் சி அல்லது சி ப்ளஸ் ப்ளஸ் மொழியில் எழுதித் தொகுத்துச் சேர்க்கப்படும் நீட்சிகளைப் பற்றி. இதெல்லாம் பொறியியல் கல்லூரிக்காரர்களின் சமாச்சாரம், பி.காம் படிப்பவர்களுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பில் போடுகிற, வட்டி கணக்கிடுகிற, வரி கழிக்கிற வேலைகள் எல்லாம் இன்று எதன் மேல் ஓடுகின்றன என்று ஒருமுறை யோசித்தால் அந்தக் கேள்வி வராது. கணக்கு தப்பினால் கையெழுத்துப் போட்டவரைத்தான் கேட்பார்கள், நிரலை அல்ல.

முதலில் நம்மூர் நிலவரம். தமிழ்நாட்டில் 2019-இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, பதினொன்றாம் வகுப்பில் சி ப்ளஸ் ப்ளஸ். இரண்டையும் இணைக்கும் பாலமாக ஒரு பாடம் இருக்கிறது: பைத்தானில் சி ப்ளஸ் ப்ளஸ் நிரல்களை இறக்குமதி செய்வது. (வணிகவியல் பிரிவில் கணினிப் பயன்பாடுகள் எடுத்தவர்களுக்கு இந்தப் பாடம் கிடையாது. அவர்களுக்குப் பிஎச்பி. யாருக்குக் கணக்கு வேண்டுமோ அவர்களுக்குக் கணக்குப் போடும் மொழி இல்லை. சரி, அது வேறு கதை.)

பாராட்டப்பட வேண்டிய பாடம்தான் அது. பள்ளி மாணவனுக்கு, "ஒரு மொழியில் எழுதியதை இன்னொரு மொழியிலிருந்து அழைக்கலாம்" என்று சொல்லிக்கொடுக்கும் பாடத்திட்டங்கள் அதிகம் இருக்காது. சைத்தான், சிடைப்ஸ், ஸ்விக், பூஸ்ட் பைத்தான் என்று வழிகளின் பெயர்களையும் வரிசையாகச் சொல்கிறது. ஆனால் செய்முறைக்கு வரும்போது நடப்பது என்ன? பைத்தான் நிரல், இயக்க முறைமையைக் கூப்பிட்டு சி ப்ளஸ் ப்ளஸ் கோப்பைத் தொகுக்கச் சொல்கிறது. பிறகு, தொகுத்து வந்த நிரலை ஓட்டச் சொல்கிறது. விடை திரையில் வருகிறது. அவ்வளவுதான்.

இதை இறக்குமதி என்று சொல்வது கொஞ்சம் தாராளம். பக்கத்துக் கடைப் பையனைக் கூப்பிட்டு "நீ போய் உன் வேலையைப் பார்" என்று அனுப்புவதற்கும், அவனை நம் கடையில் வேலைக்கு வைப்பதற்கும் வித்தியாசம் இல்லையா? திரையில் விழுந்த விடை பைத்தானின் கைக்கு வரவே இல்லை. நிரல் ஒழுங்காக முடிந்ததா இல்லையா என்ற ஒரு குறியீட்டு எண் மட்டுமே திரும்பி வருகிறது. சி ப்ளஸ் ப்ளஸ் கோப்புக்குள் நான்கு செயற்கூறுகள் இருந்தாலும் அவற்றில் ஒன்றைக்கூடத் தனியாக அழைக்க முடியாது. அழைக்க முடியாததைச் சோதிக்கவும் முடியாது. எண்ணைத் திருப்பிப் போட்டால் அதே எண் வருகிறதா என்று பார்க்கும் நிரலில் இதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. 12321 என்று கொடுத்தால் ஆமாம் என்று சொல்லும், 12345 என்று கொடுத்தால் இல்லை என்று சொல்லும், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் லட்சக்கணக்கான மாணவர்கள் மனதில் ஒரு பழக்கம் பதிகிறது: உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கட்டும், வெளியே வரும் விடை சரியாக இருந்தால் போதும்.

போதுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இதற்கான பதில் பதினொன்றாம் வகுப்பிலேயே கிடைத்துவிடுகிறது. இருப்பாய்வில் பற்றும் வரவும் பொருந்திவிட்டால் ஏடுகளில் பிழையே இல்லை என்று அர்த்தமா? இல்லை என்று ஆசிரியர் நூறு முறை சொல்லியிருப்பார். விடுபிழை இருக்கலாம், விதிப்பிழை இருக்கலாம், ஒரு பிழையை இன்னொரு பிழை மறைக்கும் ஈடுசெய் பிழை இருக்கலாம். கூட்டுத்தொகை இதில் எதையும் காட்டிக்கொடுக்காது. வெளியிலிருந்து மட்டும் செய்யும் மென்பொருள் சோதனை இந்த இருப்பாய்வு மாதிரிதான். அவசியம், ஆனால் முழுமை அல்ல.

இனி நீட்சிகளுக்குள் நுழைவோம். பைத்தான் வேகம் குறைந்த மொழி. அதனால் கனமான வேலைகளைச் சி மொழியில் எழுதித் தொகுத்து ஒரு மாட்யூலாக இணைத்துவிடுவார்கள். நம்பை, பாண்டாஸ் போன்ற பெரிய நூலகங்களின் வேகம் அங்கிருந்துதான் வருகிறது. நேராகச் சி எழுத முடியாதவர்களுக்காக 2007-இல் ஒரு மொழி வந்தது. பைத்தான் போலவே எழுதலாம், அதைச் சி மொழியாக மாற்றித் தந்துவிடும். அதன் பெயர்தான் சைத்தான். தமிழில் எழுதினால் பாட்டி பயமுறுத்தும் பெயராகிவிடுகிறது! அடுத்து வரும் சில பத்திகளைப் படித்தால் பெயர் பொருத்தம் என்றே தோன்றும்.

சைத்தானில் செயற்கூறுகள் மூன்று சாதி. டெஃப் என்று தொடங்கினால் வெளியிலிருந்து பைத்தான் அழைக்கலாம். சிடெஃப் என்று தொடங்கினால் அது உள்வேலைக்காரன், பைத்தானின் கண்ணுக்கே தெரியாது, ஆனால் படு வேகம். சிபிடெஃப் என்றால் இரண்டுமாக இருக்கும். பெரும்பாலும் நடப்பது இதுதான்: வாசலில் ஒரே ஒரு டெஃப் உட்கார்ந்திருக்கும், உண்மையான வேலையை உள்ளே இருக்கும் பத்து சிடெஃப்கள் செய்யும்.

வாசலில் ஒரு காவலாளியும் உண்டு. 32 பிட் முழு எண்ணுக்கு மேல் போகும் ஒரு மதிப்பை நீங்கள் வெளியிலிருந்து கொடுத்தால், "இது கொள்ளாது" என்று அங்கேயே பிழை எழுப்பித் தடுத்துவிடுவார். நல்ல காவலாளி. ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே போன பிறகு காவல் இல்லை. உள்ளே இரண்டு எண்களைக் கூட்டி, கூட்டுத்தொகை எல்லை மீறினால் எவரும் விசில் ஊத மாட்டார்கள். சோதிக்கச் சொல்லித் தனியாகக் கட்டளை கொடுத்திருந்தால் ஒழிய, எண் சுற்றிக்கொண்டு வேறு எங்கோ போய் நிற்கும்.

எல்லை எவ்வளவு? 2,14,74,83,647. பெரிய எண்தான். ஆனால் பணக்கணக்கைத் தசமப் புள்ளி இல்லாமல் பைசாவில் வைப்பது நல்ல பழக்கம் என்று சொல்வார்களே, அப்படி வைத்தால்? 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபாய் 47 பைசா. அதற்கு மேல் ஒரு பைசா போனால் பாத்திரம் வழிந்துவிடும். திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் கம்பெனியின் வரவுசெலவுக்கு இது எத்தனை நாளைக்குக் காணும்?

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் மின்னணு விலைப்பட்டியல் போட வேண்டும் என்ற விதி 2023 ஆகஸ்ட் 1 முதல் வந்தது. ஒரு நிரல், வருடத்துப் பில்களை எல்லாம் கூட்டி, "மின்னணு விலைப்பட்டியல் வேண்டும்" அல்லது "வேண்டாம்" என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கூட்டல் வேலை செய்யும் சிடெஃப், 32 பிட் முழு எண்ணில் பைசாவைக் கூட்டுகிறது. ஒரு நிறுவனத்தின் உண்மையான விற்பனை 6 கோடி ரூபாய். அதாவது 600 கோடி பைசா. பாத்திரம் வழிந்து சுற்றிக்கொள்கிறது. உள்ளே நிற்கும் தொகை 1 கோடியே 70 லட்சத்து 50 ஆயிரத்து 327 ரூபாய் 4 பைசா. வெளியே வரும் விடை: வேண்டாம்.

கவனியுங்கள். எண் குறையாகவும் வரவில்லை, கேலிக்கூத்தாகவும் இல்லை. 1 கோடியே 70 லட்சம் என்பது பார்த்தால் நம்பக்கூடிய விற்பனைத் தொகை. அதுவும் வெளியே தெரியவில்லை. "வேண்டாம்" என்ற ஒற்றைச் சொல் மட்டும்தான் தெரிகிறது. அந்த நிரலைப் பத்து சிறிய கடைகளின் கணக்கை வைத்துச் சோதித்தால் பத்துக்குப் பத்து சரி. பதினோராவதாக வரும் பெரிய கம்பெனிக்கு அபராத நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரியும்.

வெளியிலிருந்தே 6 கோடி கொடுத்துச் சோதித்தால் பிடிபட்டிருக்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிடிபட்டிருக்கும். ஆனால் 6 கோடி கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? வெளியில் நிற்பவருக்கு 5 கோடி என்ற சட்ட எல்லை மட்டும்தான் தெரியும். ஆயிரக்கணக்கான பில்களை உருவாக்கி அவ்வளவு தூரம் ஓட்டிப் பார்க்க அலுப்பு வேறு. அந்தக் கூட்டல் செயற்கூறைத் தனியாகக் கையில் எடுத்தவருக்கோ எல்லை கண்ணெதிரே இருக்கிறது. இரண்டே எண்களைக் கொடுத்துக் கூட்டச் சொன்னால் போதும், ஒரு நொடியில் குட்டு வெளிப்படும். எங்கே தப்பு என்று தேடவும் வேண்டாம், தப்பு கையிலேயே இருக்கிறது.

இன்னொரு கூத்து. சைத்தான் 3.0 பதிப்பு 2023-இல் வந்தது. அதற்கு முன்பு வரை, எண்ணைத் திருப்பித் தரும் சிடெஃப் ஒன்றுக்குள் பிழை நேர்ந்தால், பிழையை மேலே அனுப்பு என்று எழுதியவர் வெளிப்படையாகக் குறிக்காவிட்டால், அது மேலே போகாது. திரையில் ஒரு எச்சரிக்கை வரி ஓடும். செயற்கூறு பூஜ்யத்தைத் திருப்பித் தரும். வேலை தொடரும்! பூஜ்யத்தால் வகுக்கும் பிழை என்றால் விடை பூஜ்யம். பட்டியலில் இல்லாத சரக்கின் விலையைக் கேட்டாலும் பூஜ்யம். கணக்காளர் ஒருவர் பில் தொலைந்துபோனது என்பதற்காக அந்த இடத்தில் சைபர் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனால் அவரை எந்த முதலாளியாவது வேலையில் வைத்திருப்பாரா? இரவில் தானாக ஓடும் நிரல்களில் அந்த எச்சரிக்கை வரியைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? 3.0 பதிப்பில் இதைத் தலைகீழாக மாற்றினார்கள். இப்போது பிழை தானாகவே மேலே போகும். வேண்டாம் என்றால்தான் நோஎக்ஸெப்ட் என்று எழுத வேண்டும். நல்ல மாற்றம். பழைய பதிப்பில் தொகுத்துவிட்டு மறந்துபோன நிரல்களுக்கு இந்த மாற்றத்தால் பயனில்லை.

வட்டமிடலைப் பற்றியும் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் இது நேராகச் சட்டத்தில் போய் முட்டுகிறது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆவது பிரிவு, வரித்தொகையில் 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாயாக உயர்த்தச் சொல்கிறது. குறைவாக இருந்தால் விட்டுவிடலாம். பைத்தான் 3-இல் 2.50 ரூபாயை வட்டமிடச் சொன்னால் 2 என்று சொல்லும். இரட்டைப்படைப் பக்கமாகச் சாய்வது அதன் வழக்கம், புள்ளியியல்காரர்களுக்கு அது நல்லது. சி மொழியின் வழக்கமான வட்டமிடும் செயற்கூறோ 3 என்று சொல்லும். ஆக, வேகத்துக்காக ஒரு நிரலைப் பைத்தானிலிருந்து சி பக்கம் மாற்றும்போது விடை மாறுகிறது. இந்த இடத்தில் அதிர்ஷ்டவசமாகச் சரியான பக்கம் மாறுகிறது! கழிவுக் குறிப்பு போல எதிர்மறைத் தொகை வந்தால் வேறொரு வித்தியாசம். -7-ஐ 2-ஆல் முழு எண்ணாக வகுத்தால் பைத்தான் -4 என்கும், சி மொழி -3 என்கும். இரண்டில் எது சரி என்பது வாதமல்ல. உள்ளே எது நடக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் பிரச்சினை.

இதெல்லாம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் விஷயம் என்று நினைப்பவர்கள் கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தையைக் கேட்கலாம். 1982 ஜனவரியில் 1000 புள்ளிகளோடு ஒரு குறியீட்டெண்ணைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் புது மதிப்பு. மூன்று தசம இடத்துக்கு மேல் உள்ளதை வட்டமிடுவதற்குப் பதில் வெட்டி எறிந்தது நிரல். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டு. 22 மாதங்களில், 1983 நவம்பரில், குறியீடு 524 பக்கம் வந்து நின்றது. சரியாகக் கணக்கிட்டுப் பார்த்தபோது வந்தது 1098. சந்தை ஏறிக்கொண்டிருந்தது, எண் இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே நின்று பார்த்தவர்களுக்குக் குறியீடு இறங்குவதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? சந்தை என்றால் இறங்கத்தான் செய்யும். அந்த வெட்டும் செயற்கூறைத் தனியாக எடுத்து ஒரே ஒரு எண்ணைக் கொடுத்துப் பார்த்திருந்தால் முதல் நாளே கதை முடிந்திருக்கும்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் பார்க்க வேண்டும், அது ஒன்றும் சோம்பேறிகளின் வாதம் அல்ல. "உள்ளே இருப்பது என்றைக்கும் மாறிக்கொண்டே இருக்கும். இன்று இரண்டு செயற்கூறாக இருப்பதை நாளை ஒன்றாக்குவோம். ஒவ்வொன்றுக்கும் சோதனை எழுதி வைத்தால் சுவரை இடிக்கவே முடியாது. வாக்குக் கொடுத்தது வெளிச்செயலுக்கு மட்டும்தான், அதைச் சோதித்தால் போதும்" என்பார்கள். இதற்கு நல்ல உதாரணமும் அவர்களிடம் இருக்கிறது. பைத்தானின் டெசிமல் மாட்யூல் பல ஆண்டுகள் சுத்தமான பைத்தானில்தான் இருந்தது. 2012-இல் வந்த 3.3 பதிப்பில் அதைச் சி மொழியில் ஸ்டீஃபன் க்ரா எழுதியதற்கு மாற்றினார்கள். வேகம் 10 முதல் 100 மடங்கு கூடியது. ஆனால் பழைய பைத்தான் வடிவத்தைத் தூக்கி எறியவில்லை. இன்றும் உள்ளே இருக்கிறது. 2011-இல் பிரெட் கேனன் எழுதிய 399-ஆம் எண் பெப் ஆவணத்தின் விதி அது: ஒரு மாட்யூலுக்குச் சி வடிவமும் பைத்தான் வடிவமும் இருந்தால் ஒரே சோதனைத் தொகுப்பு இரண்டின் மேலும் ஓட வேண்டும். டெசிமலுக்கு இன்னும் ஒரு படி மேலே போய், எண்களை அள்ளி அள்ளிப் போட்டு இரண்டு விடைகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் தனி நிரலும் வைத்திருக்கிறார்கள். பாஸ்புக்கையும் ரொக்க ஏட்டையும் பக்கத்தில் வைத்து வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போடுவது மாதிரி.

மிக நல்ல முறை. வெளியிலிருந்து சோதிப்பதென்றால் இப்படிச் சோதிக்க வேண்டும். ஆனால் ஒப்பிட இரண்டாவது ஏடு இருப்பவர்களுக்குத்தான் இது நடக்கும். பெரும்பாலான நீட்சிகளுக்கு அந்த இரட்டைப் பிறவி கிடையாது. நேரடியாகச் சியில் பிறந்தவை, ஒப்பிட ஆள் இல்லை. அவற்றை ஒடித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி என்ன?

சரி, ஒடித்துப் பார்ப்பதென்று முடிவாகிவிட்டால் அடுத்த தவறு காத்திருக்கிறது. எல்லாச் சிடெஃப்களையும் சிபிடெஃப் ஆக்கிவிடுவது! இணையத்தில் கேட்டால் முதலில் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் இதுதான். சோதனைக்காகக் கதவைத் திறந்தால் சோதனை மட்டுமா உள்ளே வரும்? வாடிக்கையாளர் நேராகக் கிடங்குக்குள் வந்து சரக்கை எடுக்க ஆரம்பித்துவிடுவார். பிறகு கிடங்கை இடம் மாற்றினால் சண்டைக்கு வருவார். மிகையல்ல, நடந்திருக்கிறது. நம்பை நூலகத்தின் உள்ளறையாக இருந்த கோர் என்ற பகுதியை உலகம் முழுக்க ஆட்கள் நேரடியாகப் பயன்படுத்தினார்கள். 2024 ஜூனில் 2.0 பதிப்பு வந்தபோது பெயருக்கு முன்னால் அடிக்கோடு போட்டு, "இது உள்ளறை, வராதீர்கள்" என்று மாற்ற வேண்டியிருந்தது. பழைய பெயரில் வருபவர்களுக்கு எச்சரிக்கைப் பலகையும் வைத்தார்கள். பைத்தானிலேயே 3.13 பதிப்புக்கான வேலையின்போது அடிக்கோட்டில் தொடங்கும் சொந்த உபயோகச் செயற்கூறுகளை நூற்றுக்கணக்கில் நீக்கிப் பார்த்தார்கள். வெளியே பல நூலகங்கள் உடைந்தன, பலவற்றைத் திரும்ப வைக்க நேர்ந்தது. உள்ளே இருப்பது என்று எழுதி வைத்தால் போதாது. கைக்கு எட்டினால் எடுப்பார்கள்.

அப்படியானால் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள்? தணிக்கை படித்தவர்களுக்கு விடை பழக்கமானதுதான். உள்தணிக்கையாளருக்கு எல்லா ஏடுகளையும் காட்டுவோம். வாடிக்கையாளருக்குக் காட்டமாட்டோம். அதற்காக ஏடுகளைக் கடை வாசலில் தொங்கவிட வேண்டியதில்லை, தணிக்கையாளருக்குத் தனி மேசை போட்டால் போதும். பைத்தானின் மூலநிரலில் டெஸ்ட்இன்டர்னல்கேபி என்று ஒரு மாட்யூல் இருக்கிறது. உள்ளே மட்டும் புழங்கும் சி செயற்கூறுகளைச் சோதனைக்கு நீட்டித் தருவது மட்டுமே அதன் வேலை. பைத்தானைக் கட்டமைக்கும்போது வேண்டாமென்றால் அதை விட்டுவிடவும் செய்யலாம். நம்பையிலும் மல்டிஅரே டெஸ்ட்ஸ், யுமேத் டெஸ்ட்ஸ் என்று சோதனைக்கென்றே தொகுக்கப்பட்ட மாட்யூல்கள் உண்டு. சைத்தானிலும் வழி இருக்கிறது. சிடெஃப்பின் முகவரியைப் பிஎக்ஸ்டி என்ற தலைப்புக் கோப்பில் அறிவித்துவிட்டு, சோதனைக்கென்று இன்னொரு சிறிய சைத்தான் கோப்பை எழுதி, அதிலிருந்து உள்வேலைக்காரனை அழைத்து, விடையைப் பைத்தானுக்குத் தரலாம். விற்பனைக்குப் போகும் பொட்டலத்தில் அந்தச் சோதனைக் கோப்பு இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கோவையில் கணபதிப் பக்கமோ காட்டூர்ப் பக்கமோ மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் கொஞ்ச நேரம் நின்றால் இதே காட்சி. காயில் கட்டி முடித்ததும் மூடிவிட மாட்டார்கள். ஒவ்வொரு சுற்றின் முனையையும் வெளியே இழுத்து வைத்து மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள், உடம்போடு ஷார்ட் ஆகிறதா என்று மெகர் வைத்துப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால்தான் மூடி போட்டு போல்ட் முடுக்குவார்கள். தோட்டத்துக்காரருக்குப் போகும் மோட்டாரில் அந்த முனைகள் தொங்காது. ஆயிரம் அடி போர்க்குழிக்குள் இறக்கிய பிறகு சோதிக்க நினைத்தால் கயிறு கட்டி வண்டி வைத்து இழுக்க வேண்டும், அந்தச் செலவு கொங்கு விவசாயிக்குத் தெரியும்.

இவற்றையெல்லாம் விட அழகான ஒரு வழி நம் நாட்டிலேயே இருக்கிறது, அதைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை என்பதுதான் வருத்தம். சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்று, மும்பை ஐ.ஐ.டி.யில் விண்வெளிப் பொறியியல் பேராசிரியராக இருக்கும் பிரபு ராமச்சந்திரன், மாயாவி என்ற முப்பரிமாணக் காட்சிக் கருவியை எழுதியவர். அவரும் மாணவர்களும் உருவாக்கிய பைஎஸ்பிஎச் என்ற நூலகம், நீர், காற்று போன்றவற்றின் ஓட்டத்தைத் துகள் துகளாகப் பிரித்துக் கணக்கிடும். லட்சக்கணக்கான துகள்கள், அதனால் வேகம் தேவை. ஆனால் பயனாளர் சமன்பாடுகளை எழுதுவது சாதாரணப் பைத்தானில். நூலகம் அதைச் சைத்தானாக மாற்றி, தொகுத்து, ஓட்டுகிறது. இதனால் என்ன லாபம் என்றால், உள்ளே போகப்போகும் அந்தச் செயற்கூறு, மூட்டை தைப்பதற்கு முன்பு வெறும் பைத்தானாகக் கையில் இருக்கிறது! இரண்டு துகளைக் கொடுத்து அழைத்துப் பார்க்கலாம், காகிதத்தில் போட்ட விடையோடு ஒப்பிடலாம். சைத்தானிலேயே சுத்தப் பைத்தான் நடை என்று ஒன்று இருக்கிறது. அதிலும் அதே கோப்பைத் தொகுக்காமலும் ஓட்டலாம், தொகுத்தும் ஓட்டலாம். தொகுத்த பிறகு எண் எல்லை போன்ற சி மொழிக் கோளாறுகள் புதிதாக நுழையும் என்பதால் இது ஒன்றே போதும் என்று சொல்ல முடியாது. கணக்கே தப்பா, தொகுத்ததில் தப்பா என்று பிரித்துச் சொல்ல இதைவிட நல்ல வழி குறைவு.

மீண்டும் நம் பாடநூலுக்கு வரலாம். மாற்ற வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பாடமே பெயர் சொல்லும் சிடைப்ஸ், 2006-இலிருந்து பைத்தானோடு இலவசமாக வருகிறது. அதே சி ப்ளஸ் ப்ளஸ் கோப்பில் செயற்கூறுக்கு முன்னால் எக்ஸ்டர்ன் சி என்று ஒரு சொற்றொடர், தொகுக்கும்போது பகிர்வு நூலகமாகத் தொகு என்று ஒரு குறிப்பு, பைத்தானில் மூன்று வரி. செயற்கூறு நேராகக் கைக்கு வந்துவிடும். எண்ணைத் திருப்பும் செயற்கூறைத் தனியாக அழைத்து 12345 கொடுத்து 54321 வருகிறதா என்று பார்க்கலாம். 1999999999 கொடுத்துப் பாருங்கள் என்று ஆசிரியர் சொன்னால் இன்னும் நல்லது. திருப்பிப் போட்டால் 9999999991, அது 32 பிட்டுக்குள் அடங்காது. சிடைப்ஸின் வாசலில் காவலாளியும் இல்லை, அளவு பார்க்காமல் உள்ளே விட்டுவிடுவார். தசம எண்ணைத் திருப்பித் தரும் செயற்கூறு என்றால் அதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் முழு எண் என்று எடுத்துக்கொண்டு குப்பையைத் தரும். இதையெல்லாம் ஒரு மாணவன் பதினேழு வயதில் தன் கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு கல்லூரியில் எவர் என்ன மாட்யூலைக் கொடுத்து இறக்குமதி செய் என்றாலும் முதலில் ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்ப்பான்.

ஆய்வகத்தில் நேரம் இல்லை, ரெக்கார்டு நோட்டு எழுதவே பீரியட் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஏற்கெனவே இருக்கும் செய்முறைப் பயிற்சிக்குப் பதிலாகத்தான் இது, கூடுதலாக அல்ல. அதே கோப்பு, அதே தொகுப்பான், அதே 45 நிமிடம்.